பூட்ஸ்காரியின் குரல்

மார்ச் 8, சனி

அக்கா இன்றும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஒலிப்பதிவு என்றால் ஒன்பதே முக்காலுக்கு அவள் அங்கே இருப்பாள்; நான் பத்தே காலுக்கு மூச்சு வாங்க ஓடி வருவேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டு, வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரை அளவு குறைய என்ன செய்யலாம் என்று வரவேற்பிலிருந்த பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவர்களிடம் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இன்றைக்கு இருபத்திரண்டு விழுதல், ஒன்பது குதித்தல், தண்ணீருக்குள் மூச்சடக்குவதில் நான்கு விதம். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "மூணாவது மாடியிலேர்ந்து விழுற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா" என்கிறார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுகிறாள். "இது ரெண்டாவது மாடி மாதிரி இருக்கு, இன்னொண்ணு தர்றேன்" என்று அவளே சொல்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "படத்துல என் பேரு எங்கடி வரும்? ஆரம்பத்துலயா, கடைசியிலயா?"

"பார்க்கலாம்க்கா" என்றேன்.

"கடைசியில வந்தாலும் பரவாயில்ல. எல்லாரும் எழுந்து போனப்புறம் நாம மட்டும் உக்காந்து பார்த்துட்டு வருவோம்."

மார்ச் 9, ஞாயிறு

‘பார்க்கலாம்’ என்பது ஒரு பதிலா?

மார்ச் 10, திங்கள்

முழுக்க எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று தோன்றுகிறது.

பதினோரு வருடம் முன்பு, அப்பா இறந்த வருடத்தில், அக்கா வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் செய்த கணினி விளையாட்டு ‘நீர்மட்டம்’. கதை பெரிதாக ஒன்றுமில்லை. மூழ்கிப்போன ஒரு நகரத்தில், பெரியவர்களின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்ட ஒரு சிறுமி பம்புகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, தண்ணீரை இறக்கிக்கொண்டே அப்பாவைத் தேடிப் போவாள். கதை, படம், கணினி வேலை எல்லாம் நான். குரல் அக்கா. பூட்ஸ்காரி வார்த்தையே பேச மாட்டாள். ம், ஹா, இளைப்பு, விசும்பல், தனக்குள்ளே ஒரு முனகல், அவ்வளவுதான். அக்கா துணி அலமாரிக்குள் தலையை விட்டு, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு சத்தங்கள் கொடுத்தாள். வியர்த்து ஒழுக வெளியே வந்து, "பிரசவம் இதைவிட சுலபம்" என்றாள்.

விளையாட்டு எங்கள் கையை மீறி ஓடிவிட்டது. இன்று பூட்ஸ்காரி பனியனில் இருக்கிறாள், தண்ணீர் பாட்டிலில் இருக்கிறாள், பள்ளிக்கூடப் பையில் இருக்கிறாள். அக்காவின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அப்போது அவள் லேப்பில் புதுசு. வேறு வேலை பார்ப்பது தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அதனால் போடவில்லை. ஒரு வருடத்தில் வேலை நிரந்தரமானது. அதற்கப்புறம் பத்து வருடம் இருந்தது, போட்டிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மறந்தேனா?

இப்போது அது கார்ட்டூன் படமாகிறது. திரைக்கதை நான். இந்தத் தொழிலில் முதலில் குரல், பிறகுதான் படம். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் வேறொருவர் ட்ராக் பாடி வைப்பார் இல்லையா, அதே மாதிரி இங்கே ட்ராக் குரல் உண்டு. அந்த மூச்சையும் இடைவெளியையும் கேட்டுக் கேட்டுத்தான் வரைவார்கள். கடைசியில் அசல் குரல் வந்து அந்த இடத்தில் உட்காரும். இந்தக் கட்டடத்தில் டீ கொண்டு வருகிறவருக்குக்கூட இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. ஜனவரியில் நான் அவளிடம் கேட்டது, "படத்துக்குப் பதிவு ஆரம்பிக்கிறாங்க, சனிக்கிழமை வர முடியுமா?" என்பதுதான். ‘நீதான் குரல்’ என்று நான் சொல்லவே இல்லை. வக்கீல் மாதிரி யோசிக்கிறேன் பார்.

ஆனால் அப்போது எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. அவள் குரலைக் கேட்டுவிட்டால் வேறு யாரையும் தேட மாட்டார்கள் என்று.

மார்ச் 17, திங்கள்

தேடிவிட்டார்கள். பெரிய நடிகை. கையெழுத்து ஆகிவிட்டது.

தயாரிப்பாளரம்மா சொன்னதும் மேசையைச் சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இந்தக் கை இருக்கிறதே, என்னைக் கேட்காமலே தட்டும். "அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. வீட்டுல கூட" என்று ஆளுக்கொரு தாள் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ என் அக்கா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அப்போ சனிக்கிழமை பதிவு?" என்று வந்தது.

இயக்குநர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசையில் தட்டினார். அலுவலகமே அவரைப் பென்சில் என்றுதான் சொல்லும். "அது நடக்கட்டும். உங்க அக்கா மூச்சு இல்லாம எங்க ஆளுங்க ஒரு கோடுகூட போட மாட்டாங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மார்ச் 22, சனி

சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்குவது போல நடித்தேன்.

ஏப்ரல் 12, சனி

பதிவு முடிந்து கீழே இருக்கும் கடையில் டீ குடித்தோம். அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "லேப்ல சூப்பர்வைசர் போஸ்ட் எனக்குத் தர்றதா சொன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்க்கா?"

"சனிக்கிழமை கண்டிப்பா இருக்கணுமாம். பதிவு இருக்கே." பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். "போஸ்ட் எப்ப வேணா வரும்டி. படம் ஒரு தடவைதானே வரும்."

எட்டு வருடமாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்தாள். நரம்பு கிடைக்காத கிழவர்களையும் அலறுகிற குழந்தைகளையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். நாளெல்லாம் நின்று நின்று கணுக்காலில் வீக்கம். சூப்பர்வைசர் என்றால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை போய் மனசு மாறிவிட்டது என்று சொல்லியிருப்பாள், அவர்களும் கொடுத்திருப்பார்கள். நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்க்கா" என்றேன். அடிப்பாவி. உன் இஷ்டமாமே.

ஏப்ரல் 14, திங்கள்

காலையில் இரண்டு முறை அவளுக்கு போன் போட்டு, ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவளே கூப்பிட்டாள். "என்னடி, மிஸ்டு கால்?" கை பட்டுவிட்டது என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

அந்த வேலையை அக்காவுக்கு அடுத்து சேர்ந்தவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அக்கா அவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தாளாம்.

மே 3, சனி

பென்சிலுக்கு இப்போது பூட்ஸ்காரி பேசியாக வேண்டும். "ரெண்டு மணி நேரம் ‘ம்’, ‘ஹா’ன்னு இருந்தா தியேட்டர்ல தூங்கிடுவாங்க" என்கிறார். அதனால் வசனம் எழுதுகிறேன். விளையாட்டு என்றால் ஆடுகிறவர்தான் பூட்ஸ்காரி. அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. படத்தில் நூறு பேர் சும்மா உட்கார்ந்து பார்க்கிறார்கள், அவள்தான் வாயைத் திறக்க வேண்டும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்று அப்பாவின் சட்டையைக் கண்டெடுக்கும் காட்சி. நான் எழுதியது ஒரே வரி: "காயவே இல்ல." மூழ்கிய வீட்டில் கொடியில் தொங்கும் சட்டையை அவள் பிழிந்துகொண்டே இருப்பாள்.

அக்கா அந்த வரியை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அழுதாள். நடிப்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் துணிமணியை வாங்கி வந்து துவைத்துப் போட்டது அவள்தான். நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். பென்சில் மெதுவாக என் பக்கம் குனிந்து, "இதை அந்த நடிகையம்மா எப்படிப் பண்ணப் போறாங்களோ" என்றார்.

அக்கா வெளியே வந்து, "சாரி, இன்னொண்ணு எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். அந்த அழுகைக்கு ஏற்றபடிதான் வரையப் போகிறார்கள். தோள் எத்தனை முறை குலுங்கியது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பெல்லாம் இல்லை. அடுத்த காட்சிக்கு வசனம் எழுத உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்

சொல்லிவிடுவது என்றே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, புரை விழுந்த கண்ணைத் துடைத்தபடி, "வந்துட்டாளா சினிமாக்காரி?" என்றாள். அம்மா அக்காவோடுதான் இருக்கிறாள். அதிலும் எனக்கு வசதிதான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். முதல்ல நீ சொல்லு."

"இல்ல, நீ சொல்லு."

அவள் லேப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். டாக்டர்கள் முதல் துப்புரவு செய்யும் அம்மா வரை முதல் நாளே ஒன்றாகப் படத்துக்குப் போகப் போகிறார்களாம். "பதினேழு டிக்கெட் வேணும்டி. முன்னாடியே சொல்லிட்டேன்." நீ என்னமோ சொல்ல வந்தியே என்றாள். தலைவலி மாத்திரை இருக்கா என்று கேட்டு, வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். தலைவலியே இல்லை.

தயாரிப்பாளரம்மாவிடம் பயம். பென்சிலிடம் பயம். அக்காவிடமும் பயம். என்னிடம் மட்டும்தான் எனக்குப் பயமில்லை போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

விளம்பரப் பிரிவிலிருந்து போன். நடிகையின் அறிவிப்பு 23-ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறது. விளையாட்டை உருவாக்கியவர் என்ற முறையில் நான் இரண்டு வரி சொல்ல வேண்டும், பத்து நிமிடத்தில் வேண்டும். பஸ்ஸில் நின்றபடியே கட்டை விரலால் அடித்து அனுப்பினேன்: "பதினோரு வருடங்களாகப் பேசாமலே இருந்த எங்கள் பூட்ஸ்காரிக்கு இப்போதுதான் ஒரு குரல் கிடைத்திருக்கிறது."

"அருமை மேடம்" என்று உடனே பதில் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. மாற்றச் சொல்லலாமா? ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன்.

22-ஆம் தேதி ஞாயிறு. அன்றைக்கு அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். கட்டாயம்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நடிகைக்குப் பிறந்தநாளாம். அதனால் இன்றே போட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலை பதினொன்றரை. எல்லா இடத்திலும் அவள் முகம், பக்கத்தில் பூட்ஸ்காரி, கீழே என் வரி. என் வரி. என் பெயர்.

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. லேப்பில் இருக்கும்போது எடுக்க மாட்டாள், பார்த்திருக்க மாட்டாள் — எதுக்குடி உனக்கு இந்தச் சமாதானம், பதினேழு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கா, ஒருத்தர் கூடவா காட்ட மாட்டாங்க.

ஜூன் 21, சனி

அக்கா வந்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். நான் இன்று ஒன்பதரைக்கே போய், வர மாட்டாள் என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெந்நீர்க் குடுவை, முடிந்த கைக்குட்டை, எல்லாம் வழக்கம் போல. "மீதி பதினாலு வசனம் இருக்குன்னீங்களே" என்றாள் ஒலிப்பதிவாளரிடம். என்னைப் பார்க்கவில்லை.

பதினாலையும் கொடுத்தாள். ஒன்றில்கூட குறை இல்லை. ஒரு இடத்தில் தானாகவே நிறுத்தி, "இங்க மூச்சு அதிகமாயிடுச்சு" என்று திரும்பச் செய்தாள்.

படிக்கட்டில் பிடித்தேன். அக்கா, அக்கா என்பதைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை. அவள் வளையலைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்தேன். அவங்க போன்ல பார்த்துட்டு, ‘உங்க படம்தானே இது’ன்னு காட்டினாங்க. ஊசி கைக்குள்ள இருக்கு. எடுத்து முடிச்சேன்." கடைசி வளையலும் ஏறியது. "அந்த வரி நீ எழுதினதா? இல்ல, அவங்களே எழுதி உன் பேரைப் போட்டாங்களா?"

அவங்களே போட்டாங்க என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"நான்தான்க்கா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்ச்."

அவள் மனசுக்குள் மாதங்களைக் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. கணக்கு ஏப்ரலுக்கு, வேலை வேண்டாம் என்று சொன்ன அந்த டீக்கடைக்கு, வந்து சேர்ந்திருக்கும். "சரி, லேப்புக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போனாள். இன்று அவளுக்கு லேப் கிடையாது.

ஜூன் 29, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தாள். "அவ நல்லாத்தான் இருக்கா. உன்னைப் பத்திப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடறா. என்னடி பண்ணித் தொலைச்ச?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 12, சனி

நடிகை வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டார். நல்ல மாதிரி. எல்லோரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று இரண்டு நாளும் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் அவர் ஒப்பந்தத்தில் வசனம் மட்டும்தான் இருக்கிறது. கத்துவது, விழுவது, இளைப்பது, அழுவது எதுவும் கிடையாது, தொண்டை கெட்டுவிடுமாம். "காயவே இல்ல" என்று அழகாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். திரையில் பூட்ஸ்காரியின் தோள் மட்டும் அக்கா கணக்கில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது, சத்தம் இல்லாமல்.

பென்சில் சொன்னார்: "வசனம் இவங்களோடது, மூச்செல்லாம் உங்க அக்காவோடது. ஒட்டிடலாம். ஒரு சம்மதக் கடிதம் மட்டும் வேணும். நீங்களே வாங்கிட்டு வந்துடுங்களேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்வேன். என் வாய்க்குத் தெரிந்த ஒரே சொல் அது.

ஜூலை 19, சனி

மத்தியானம் லேப்புக்கே போனேன். பதிவு முடிந்ததிலிருந்து சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். கூட்டம் ஓய்ந்த நேரம். அக்கா ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சூப்பர்வைசர் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதில் கை வைக்க ஒரு பலகை இருக்கும். காகிதத்தை அதன் மேல் வைத்தேன்.

முழுக்கப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் மூச்சு ஒண்ணுகூட அந்தப் படத்துல இருக்கக் கூடாது."

"சரிக்கா."

"விளையாட்டு உன்னுதுதானே? அதை வித்துடலையே?"

"இல்ல. படம் எடுக்கிற உரிமை மட்டும்தான் குடுத்தேன்."

"அப்போ அதுலேர்ந்தும் எடுத்துடு. நானூத்திப் பன்னெண்டையும். பதினோரு வருஷமா பேசாம இருந்தான்னு எழுதியிருக்கியே. அது பொய்யாப் போக வேணாம்."

அவள் குரல் உயரவே இல்லை. ஒட்டு வில்லையைக் குப்பியில் நேராக ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். இதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"சரிக்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த குப்பியை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாளாக அழிக்கிறேன். மொத்தமாக ஒரே தட்டில் அழிக்கலாம். அது சுலபமாகப் போய்விடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்கிறேன். அப்போது நான் வைத்த கோப்புப் பெயர்கள்: ‘குளிர் 3’, ‘பயமில்லைன்னு நடிப்பு’, ‘ஏணி இளைப்பு’, ‘தூக்கம் வருது’, ‘அக்கா தும்மல் — வெச்சுக்கலாம்’. தும்மலை இரண்டு முறை கேட்டேன். அதற்கு முன்னால் என் சிரிப்பு லேசாக விழுந்திருக்கிறது. பதினோரு வருடமாக அது விளையாட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அதையும் அழித்தேன்.

ஜூலை 28, திங்கள்

புதிய பதிப்பை வெளியிட்டாயிற்று. பூட்ஸ்காரி ஊமை. சாயங்காலத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் மின்னஞ்சல். "சத்தம் போயிடுச்சு, சரி பண்ணுங்க." "என் பொண்ணு அழறா." "இது பிழையா, வேணும்னேவா?" யாருக்கும் பதில் போடவில்லை. தண்டனை சரியாகத்தான் நடக்கிறது என்று ஒரு நிம்மதி கூட வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்கா போனை எடுத்தாள். ஆறு வாரத்தில் முதல் முறை.

"எடுத்துட்டேன்க்கா. எல்லாத்தையும். படத்துலயும் வேற ஒருத்தரை வெச்சு மூச்செல்லாம் புதுசாப் பதிவு பண்ணிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தாள். "நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நீதானேக்கா கேட்டே என்றேன்.

"கோபத்துல கேட்டேன். அது மட்டும் முடியாது, அது உன் குரல், யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்னு நீ எங்கிட்ட சண்டை போடுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். அவங்ககிட்டதான் நீ எனக்காக ஒரு வார்த்தை பேசல. எங்கிட்டயாவது பேசுவேன்னு." மூக்கை உறிஞ்சினாள். "நீ எனக்கும் தலையாட்டிட்டே."

"திரும்ப வெச்சுடவாக்கா? பழைய கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு."

"அதையும் என்னையே கேக்கிறியா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவ சொன்னதைச் செஞ்சேனே. சொன்னதைத்தானே செஞ்சேன்.

அதான். எப்பவும் அதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பழைய கணினியைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. திரும்ப வைத்தால் அவள் சொல்லை மீறியதாகும். வைக்காவிட்டால் அவள் எதிர்பார்த்ததைச் செய்யாததாகும். இரண்டு பக்கமும் போய்ப் போய்த் திரும்பினேன். அவள் வாயால் வேண்டாம் என்றதை அவள் வாயாலேதான் வேண்டும் என்று சொல்ல முடியும், நான் அவள் மனதைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜனவரியிலும் அப்படித்தான், அவளுக்குத் தெரியத் தேவையில்லை என்று நானாக முடிவு செய்தேன். கணினியை மூடிவிட்டேன்.

ஆனால் ‘இப்போதுதான் ஒரு குரல் கிடைத்தது’ என்ற அந்தப் பொய் என்னுடையது. அதற்கு அவளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தயாரிப்பாளரம்மா கூப்பிட்டார். படத்தோடு விளையாட்டையும் புதுசாக வெளியிடலாம் என்கிறார். "பூட்ஸ்காரிக்கு இப்போ சத்தமே இல்லைன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சு. நம்ம நடிகை பேசினதை வெட்டி உள்ள போட்டுடலாம். படமும் விளையாட்டும் ஒரே குரல்." பென்சில் தலையாட்டினார். அடுத்த பாகத்துக்குத் திரைக்கதை ஒப்பந்தமும் மேசை மேல்தான் இருந்தது.

"மாட்டேன்" என்றேன்.

எல்லோரும் பென்சிலைப் பார்த்தார்கள், அவர்தான் ஏதோ சொன்னார் என்பது போல. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் கேட்டார்கள். "அது எங்க அக்காவோட இடம். அவ வர்ற வரைக்கும் காலியா இருக்கும்" என்றேன். அக்கா வருவாள் என்று எனக்கு யார் சொன்னது?

ஒப்பந்தத்தை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

செப்டம்பர் 3, புதன்

விளையாட்டைத் திறந்ததும் முதலில் வருகிற பக்கத்தில் இன்று போட்டது:

"பூட்ஸ்காரிக்கு முதல் நாளிலிருந்தே குரல் இருந்தது. அது என் அக்காவின் குரல். அவள் பெயரை நான் எங்கேயும் போடவில்லை. இப்போதுதான் குரல் கிடைத்தது என்று நான் எழுதியது பொய். அவள் கேட்டதால் குரலை நீக்கியிருக்கிறேன். இது பிழையல்ல, சரி செய்யச் சொல்லி எழுத வேண்டாம்."

மத்தியானத்துக்குள் படக்கம்பெனி வக்கீலிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. எடுக்கச் சொல்லி. எடுக்கவில்லை. இரண்டாவது மாட்டேன் முதலாவதைவிடச் சுலபமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை, அந்தப் பக்கத்தை எடுத்துவிட இரண்டு முறை விரல் பொத்தான் வரை போனது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்பது மாதிரி ஆகிவிடும்.

டிசம்பர் 13, சனி

வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு கம்பெனி, விளையாட்டு மாதிரி செய்ய வேண்டுமாம். வாத்து ஒன்று பின்னம் சொல்லிக்கொடுக்கும். பரவாயில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அக்கா போன். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. எச்சில் கையோடு எடுத்தேன்.

நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கணும். டாக்டர் புதன்கிழமை வரச் சொல்றாரு. எனக்கு லேப் இருக்கு. நீ கூட்டிட்டுப் போறியா?"

புதன்கிழமை அந்த வாத்துக் கம்பெனியில் இன்டர்வியூ. தள்ளிப் போடச் சொல்லலாம். ‘சரிக்கா’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டிருக்கிறாள், இதற்குப் போய் இல்லை என்று சொல்வார்களா யாராவது?

"புதன்கிழமை என்னால முடியாதுக்கா. இன்டர்வியூ இருக்கு. வியாழக்கிழமைன்னா வர்றேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"என்னடி சொன்ன?" என்றாள்.

"புதன் முடியாதுன்னேன்."

"ம்" என்றாள். பக்கத்தில் அம்மா என்ன சொல்றா, என்ன சொல்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் என்னிடமே சொன்னாள்: "சரி, டாக்டர்கிட்ட பேசறேன். வியாழக்கிழமையே போவோம். நானும் லீவு போடறேன்."